எட்டு விளக்கும் எரிந்த கேபிள்: லேப்டாப் லேன் பழுது ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஈரோட்டில் ஒரு வரி ஆலோசகரின் அலுவலகம். கீழ்த்தளத்தில் டேலி கணக்குகள் முழுவதும் இருக்கும் முதன்மைக் கணினி. அதன் பக்கத்திலேயே ரவுட்டர், கணினிகளின் கேபிள்களையெல்லாம் ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச். மாடியில் இரண்டு மேசைகள். ஒன்றில் வயதான டெஸ்க்டாப், இன்னொன்றில் லேப்டாப். இரண்டுக்கும் தனித்தனி லேன் கேபிள், படிக்கட்டுச் சுவரோரம் பிவிசி குழாய் வழியாக ஏறுகிறது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 30 மீட்டர். லேப்டாப்பில் வைஃபை உண்டு. ஆனால் இரண்டு சுவரைக் கடந்து மாடிக்கு வந்து சேரும் சிக்னல் மெலிந்தது; டேலியில் ஒரு பதிவைத் திறந்து மூடுவதற்குள் அறுந்துவிடும். அதனால் கம்பி இணைப்பைத்தான் நம்பியிருந்தார்கள்.

கோடை மழையோடு வந்த ஓர் இடியில் ஸ்விட்ச் எரிந்துபோனது. அன்று மாலையே புதிய ஸ்விட்ச் வாங்கி மாட்டினார்கள். மறுநாள் காலையிலிருந்து லேப்டாப்பின் இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. இணைப்புச் சின்னத்தில் மஞ்சள் முக்கோணம், சற்று நேரத்தில் கேபிள் செருகப்படவில்லை என்ற அறிவிப்பு, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் இணைப்பு, மறுபடி முக்கோணம். பக்கத்து மேசை டெஸ்க்டாப் எந்தச் சலனமும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

மாதம் பிறந்தால் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஜிஎஸ்டி தாக்கல்களின் பின்னால் ஓடும் அலுவலகம் அது. வழக்கமாக வரும் பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டார்கள். அவர் லேன் போர்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவினார், நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்ணான ஐபி முகவரியைக் கையால் எழுதி வைத்தார், மின்சேமிப்பு அமைப்புகளை அணைத்தார், கேபிளைச் சோதித்தார். கடைசியில் அவர் வந்து நின்ற முடிவு: இடி ஸ்விட்சோடு நிற்கவில்லை, லேப்டாப்பின் லேன் போர்ட்டையும் அடித்துவிட்டது, போர்ட் மதர்போர்டிலேயே இருப்பதால் போர்டை மாற்ற வேண்டும். அதற்கு அவர் கொடுத்த மதிப்பீடு, அதே ரக லேப்டாப் ஒன்றின் விலையில் பாதியை நெருங்கியது. பணம் கொடுக்கும் முன் இன்னொருவரிடம் கேட்கலாமே என்றுதான் என்னை அழைத்தார்கள்.

அந்த முடிவை எடுத்தவுடன் தள்ளிவிட முடியாது. நீளமான கேபிள் வழியாக இடியின் மின்னெழுச்சி ஏறிவந்து, இரண்டு முனையிலும் உள்ள போர்ட்டுகளைச் சாகடிப்பது நம் ஊர்களில் ஒவ்வொரு மழைக்காலமும் நடக்கிற கதை. ஸ்விட்ச் போன மறுநாளே லேப்டாப்பும் கெட்டது என்றால், யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

லேப்டாப்புக்கு எதிரான சாட்சியங்கள்

சந்தேகத்துக்கு மேல் சாட்சியங்களும் இருந்தன. மூன்று.

முதலாவது, இரண்டு கேபிள்களையும் மாற்றிப் போட்டுப் பார்த்திருந்தார்கள். டெஸ்க்டாப்பின் கேபிளை லேப்டாப்பில் செருகினால் லேப்டாப் அதேபோல் தடுமாறியது. லேப்டாப்பின் கேபிளை டெஸ்க்டாப்பில் செருகினால் டெஸ்க்டாப் நன்றாக ஓடியது. பழுது கேபிளோடு போகவில்லை, லேப்டாப்போடுதான் போகிறது.

இரண்டாவது, கேபிள் டெஸ்டர். ஒரு முனையில் ஒரு பெட்டி, மறுமுனையில் ஒரு பெட்டி, 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரிந்து அணையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அந்தச் சாதனம். இரண்டு பக்கமும் எட்டு விளக்கும் பிசகில்லாமல் எரிந்தன.

மூன்றாவதுதான் வழக்கை முடித்துவைத்தது. பழுது பார்ப்பவர் தன் பையில் இருந்த யூஎஸ்பி லேன் அடாப்டரை அதே லேப்டாப்பில் செருகி, அதே கேபிளை அதில் மாட்டியிருக்கிறார். இணைப்பு நிலையாக நின்றது. லேப்டாப் நல்லது, விண்டோஸ் நல்லது, கேபிள் நல்லது. கெட்டது போர்ட் ஒன்றுதான். வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

மூன்றிலும் பார்த்தது பார்த்தபடியே உண்மை. யாரும் எதையும் மறைக்கவும் இல்லை, தவறாகப் பார்க்கவும் இல்லை. ஆனால் மூன்றுக்கும் பொதுவாக ஓர் எண் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இணைப்பு எந்த வேகத்தில்?

விளக்கு எரிகிறதா, நெட் வருகிறதா என்று கேட்கிறோம். எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்று கேட்பவர் குறைவு. விண்டோஸில் ஈதர்நெட் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இணைப்பு வேகம் என்ற ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 1000/1000 அல்லது 100/100 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு அத்தனை மெகாபிட். கம்பி இணைப்பில் எந்தப் பழுது என்றாலும் நான் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். மறுமுனைக்குச் சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் பிறகு.

டெஸ்க்டாப்பில் 100. அதன் லேன் சில்லே அவ்வளவுதான், 100க்கு மேல் போகத் தெரியாத பழைய சில்லு. பழுது பார்ப்பவரின் யூஎஸ்பி அடாப்டர், விவரம் கேட்டபோது, அதுவும் 100 வரைதான். எரிந்துபோன பழைய ஸ்விட்சைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பின்புறம் பார்த்தேன், அதுவும் 100. புதிதாக வாங்கியது கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் ஸ்விட்ச். லேப்டாப்பின் போர்ட்டும் கிகாபிட்.

இடி விழுவதற்கு முன்பு இந்த அலுவலகத்தின் மாடிக் கேபிள்களில் 1000 எம்பிபிஎஸ் ஒருநாளும் ஓடியதில்லை. லேப்டாப் கிகாபிட்டாக இருந்தாலும் மறுமுனை 100 என்பதால் 100ல் இணங்கிப் போயிருக்கிறது. ஸ்விட்ச் மாறிய அன்றுதான் முதன்முறையாக இரண்டு முனையும் கிகாபிட் ஆனது, அதுவும் லேப்டாப்பின் கேபிளில் மட்டும். இடி விழுந்ததற்கும் லேப்டாப் தடுமாறுவதற்கும் தொடர்பு உண்டுதான். ஆனால் அது ஸ்விட்ச் கடை வழியாக வந்த தொடர்பு.

இது இன்னும் ஊகம்தான். ஊகத்தைச் சோதிக்க ஒரே ஒரு வேலை போதும்: லேப்டாப்பைக் கீழே கொண்டுவந்து, ஆலையில் முனை பொருத்தி வந்த இரண்டு மீட்டர் பேட்ச் கேபிளால் நேராக ஸ்விட்சில் செருகுவது. அதைச் செய்வதற்கு முன் ஒரு தடங்கல் இருந்தது.

நடுவில் நுழைந்த இரண்டாவது பழுது

நான் போனபோது லேப்டாப்பின் இணைப்பு அறுந்து அறுந்து வரவில்லை. நிலையாகத்தான் இருந்தது. பிரச்சினை வேறாக மாறியிருந்தது: டேலி திறக்க ஒரு யுகம் ஆகிறது, முதன்மைக் கணினியிலிருந்து ஒரு கோப்புறையை நகலெடுத்தால் நொடிக்கு ஒரு மெகாபைட்கூட வருவதில்லை. “தம்பி, முன்பு அறுந்தாலும் இருக்கும்வரை ஓடியது. இப்போது அறுவதும் இல்லை, ஓடுவதும் இல்லை” என்றார் ஆலோசகர்.

டிவைஸ் மேனேஜரில் லேன் கார்டின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் போனால் காரணம் அங்கேயே இருந்தது. வேகமும் டூப்ளெக்ஸும் என்ற இடத்தில் தானியங்கி என்று இருக்க வேண்டியது, 100 எம்பிபிஎஸ் முழு டூப்ளெக்ஸ் என்று கட்டாயமாக வைக்கப்பட்டிருந்தது. ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் முடிந்தால் முழு டூப்ளெக்ஸ், ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்றால் அரை டூப்ளெக்ஸ். பழுது பார்ப்பவர், அறுவதை நிறுத்த 100ல் பூட்டிப் பார்த்திருக்கிறார். அறுவது நின்றது. மந்தம் தொடங்கியது. மந்தத்தையும் அவர் போர்ட் பழுதின் கணக்கிலேயே எழுதிவிட்டார்.

இந்த அமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பூட்டினால் நல்லது என்ற நம்பிக்கை நம் தொழிலில் இன்னும் சாகவில்லை. இரண்டு முனைகளும் தானியங்கியாக இருக்கும்போது, ஒவ்வொன்றும் தனக்கு என்னென்ன வேகம் தெரியும், முழு டூப்ளெக்ஸ் தெரியுமா என்று துடிப்புகளால் அறிவிக்கும். இரண்டுக்கும் பொதுவானதில் சிறந்ததைத் தேர்ந்துகொள்ளும். ஒரு முனையை 100 முழு டூப்ளெக்ஸ் என்று பூட்டினால், பெரும்பாலான டிரைவர்களில் அந்த முனை அறிவிப்பையே நிறுத்திவிடும். எதிர்முனையில் இருக்கும் ஸ்விட்சுக்கு வருகிற சிக்னலைப் பார்த்து இது 100 என்று கண்டுபிடிக்க முடியும். முழு டூப்ளெக்ஸா, அரையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. அப்படிப்பட்ட நிலையில் அரை டூப்ளெக்ஸ் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

ஆக, லேப்டாப் முழு டூப்ளெக்ஸ். எப்போது வேண்டுமானாலும் அனுப்பும். ஸ்விட்ச் அரை டூப்ளெக்ஸ். தான் அனுப்பும்போது எதிரிலிருந்து ஏதாவது வந்தால் மோதல் என்று நினைத்து, அனுப்பிக்கொண்டிருப்பதைப் பாதியில் நிறுத்திவிடும். பாதியில் வெட்டுப்பட்ட அந்தத் தரவுப் பொட்டலம் லேப்டாப்புக்குப் பிழையாகப் போய்ச் சேரும். பிங் போட்டால் எல்லாம் சரியாக இருக்கும், ஏனென்றால் ஒன்று போய் ஒன்று வருகிறது, இரண்டும் ஒரே நேரத்தில் கம்பியில் சந்திப்பதில்லை. நகலெடுக்கத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும், அப்போது சிதறும். பிங் ஒழுங்காகவும் நகல் மந்தமாகவும் இருந்தால் எனக்கு முதலில் சந்தேகம் வருவது டூப்ளெக்ஸ் முரணின் மீதுதான். நெட்ஸ்டாட் கட்டளையைப் புள்ளிவிவரம் காட்டச் சொல்லி இயக்கினேன். நகலெடுக்க எடுக்க, பெற்றவற்றில் பிழைகள் என்ற எண் ஏறிக்கொண்டே போனது. ஆலோசகரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினேன். வரவுசெலவு பார்க்கும் கண்ணுக்கு அந்தப் பத்தி சட்டென்று புரிந்தது.

கையால் எழுதிய ஐபியை நீக்கி, ரவுட்டரே முகவரி கொடுக்கும் டிஎச்சிபி முறைக்கு மாற்றினேன். வேகத்தைத் தானியங்கிக்குத் திருப்பினேன். உடனே பழைய நோய் திரும்பியது: இணைப்பு வரும், சில நொடிகள் நிற்கும், போகும். நிகழ்வுப் பதிவேட்டில் இன்டெல் லேன் டிரைவரின் பெயரில் 27 என்ற எண் கொண்ட பதிவுகள், இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று, அடுக்கடுக்காக. ஐபி முகவரி பார்த்தால் 169.254 என்று தொடங்கியது. இந்த முகவரியைக் கண்டு ரவுட்டரைக் கழற்றி மாட்டுபவர்கள் உண்டு. டிஎச்சிபியிடம் கேட்டுப் பதில் வராதபோது கணினி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் முகவரி இது, 2005ல் வந்த ஆர்எஃப்சி 3927 என்ற இணையத் தர ஆவணத்தில் முறைப்படுத்தப்பட்டது. சில நொடிகளில் அறுந்துபோகும் கம்பியில் டிஎச்சிபி உரையாடல் முடிவதற்குள் கம்பி போய்விடுகிறது, அவ்வளவுதான். ரவுட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். பேட்ச் கேபிள், ஸ்விட்சின் ஒரு காலியான போர்ட். 1000/1000. அசையவில்லை. அதே கோப்புறையை நகலெடுத்தால் நொடிக்கு 90 மெகாபைட்டுக்கு மேல், அதுவும் முதன்மைக் கணினியின் ஹார்டு டிஸ்க் அதற்கு மேல் கொடுக்க மாட்டேன் என்பதால். பிழைக் கணக்கில் ஓர் எண்கூட ஏறவில்லை.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். போர்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிளக்கின் உள்ளே

மாடிக்குத் திரும்பி, கேபிளின் பிளக்கைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஆர்ஜே45 பிளக் நிறமில்லாத பிளாஸ்டிக்; உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளும் தெரியும். பூட்டும் நாக்கு கீழே, தங்கநிற முட்கள் மேலே, கேபிள் நம் பக்கம் என்று பிடித்தால் இடது ஓரம் 1. அங்கிருந்து இப்படிப் போயின: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, பச்சை, வெள்ளை நீலம், நீலம், வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.

பார்க்க எவ்வளவு ஒழுங்கு! ஒவ்வொரு நிறமும் தன் ஜோடியோடு பக்கத்தில் பக்கத்தில். கேபிளை உரித்ததும் யாருக்கும் கை தானாகப் போகும் வரிசை இதுதான். ஆனால் டி568பி என்ற வழக்கமான முறையில் வரிசை வேறு: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நீல ஜோடி நடுவில் 4, 5ல் உட்காரும். பச்சை ஜோடி அதைச் சுற்றிக் கால் அகட்டி 3, 6ல் நிற்கும். பார்க்க அழகில்லாத இந்த ஏற்பாடு டெலிபோன் காலத்து மிச்சம். டெலிபோன் பிளக்கில் நடு இரண்டு முட்களில்தான் முதல் லைன் வரும், அதை அப்படியே விட்டுவைத்துச் சுற்றிலும் மற்றவற்றை அடுக்கினார்கள். நமக்கு விருப்பமோ இல்லையோ, இயந்திரம் 3ஐயும் 6ஐயும் ஒரு ஜோடி என்றுதான் எடுத்துக்கொள்ளும்.

ஸ்விட்ச் பக்கத்துப் பிளக்கிலும் அதே வரிசை. பக்கத்துக் கேபிளிலும் அதே. போட்டவர் ஒருவர்தான், வரிசை மாறாமல் போட்டிருக்கிறார்.

“எட்டுக் கம்பியும் இந்தப் பக்கம் எந்த இடமோ அந்தப் பக்கமும் அதே இடம்தானே தம்பி? நிறம் மாறினால் கரண்டுக்குத் தெரியுமா?” என்று ஆலோசகர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. நிறம் தெரியாதுதான். கம்பி யாரோடு முறுக்கிக் கிடக்கிறது என்பது தெரியும்.

மீந்து கிடந்த கேபிள் துண்டின் மேல்தோலை ஒரு சாண் உரித்து மேசையில் வைத்தேன். உள்ளே நான்கு ஜோடிகள். ஒவ்வொன்றும் தனியாக முறுக்கியிருக்கும். ஒவ்வொன்றின் முறுக்கும் வேறு வேறு நெருக்கம். இரண்டு ஜோடிகளைப் பக்கத்தில் வைத்தால் கண்ணாலேயே பார்க்கலாம். இந்த முறுக்கு 1881ல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் டெலிபோன் லைன்களுக்காகக் காப்புரிமை வாங்கிய உத்தி. ஒரு சிக்னலை ஒரு ஜோடியில் அனுப்பும்போது ஒரு கம்பியில் நேர், மற்றதில் எதிர் என்று அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சல், முறுக்கிக் கிடப்பதால், இரண்டு கம்பியிலும் ஒரே அளவு விழுகிறது. மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் இரைச்சல் கழிந்துவிடும். இந்தக் கழித்தல் நடக்க வேண்டுமானால், ஒரே சிக்னலின் இரண்டு கம்பிகளும் ஒன்றோடொன்று முறுக்கியிருக்க வேண்டும்.

இந்த அலுவலகத்துக் கேபிளில் 3, 6க்குப் போன சிக்னல் வெள்ளைப் பச்சையிலும் நீலத்திலும் ஓடியது. 4, 5க்குப் போன சிக்னல் பச்சையிலும் வெள்ளை நீலத்திலும் ஓடியது. அதாவது வெள்ளைப் பச்சையும் பச்சையும் 30 மீட்டர் தூரத்துக்குப் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. ஒன்றில் ஒரு சிக்னல், மற்றதில் வேறொரு சிக்னல். நீல முறுக்கிலும் அதே கதை. இரண்டு சிக்னல்கள் ஒன்றுக்குள் ஒன்று கசிவதற்கு இதைவிட நல்ல வசதியை வேண்டுமென்றே திட்டமிட்டாலும் செய்ய முடியாது. பிரிந்த ஜோடி என்று இதைச் சொல்வார்கள்.

டெஸ்டர் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்பதும் இதோடு தெளிவாகிவிடும். அது ஒவ்வொரு கம்பியாகக் கொஞ்சம் மின்சாரத்தை விட்டு மறுமுனையில் அதே எண்ணில் வருகிறதா என்று பார்க்கிறது. குழாயின் இந்தப் பக்கம் ஊற்றிய தண்ணீர் அந்தப் பக்கம் வருகிறதா என்று பார்ப்பது போன்ற வேலை. எந்தக் கம்பி எதனோடு முறுக்கியிருக்கிறது என்பது அதன் கேள்வியிலேயே இல்லை. பிரிந்த ஜோடியைப் பிடிக்க ஜோடிகளுக்கு இடையேயான கசிவை அளக்கும் விலை உயர்ந்த கருவி வேண்டும். அல்லது பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் இரண்டு கண்கள்.

100ல் ஓடியது, 1000ல் ஏன் விழுந்தது

எரிச்சலூட்டிய பகுதி இது, ஏனென்றால் கேபிள் கெட்டது என்றால் எல்லோருக்கும் கெட்டிருக்க வேண்டும் என்றுதான் ஆலோசகரும் வாதிட்டார்.

1995ல் தரப்படுத்தப்பட்ட 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் இரண்டு ஜோடிகளைத்தான் பயன்படுத்துகிறது: 1, 2ல் ஒரு திசை, 3, 6ல் மறுதிசை. 4, 5, 7, 8 சும்மா கிடக்கும். இங்கே 1, 2 ஆரஞ்சு ஜோடி, முறையாக முறுக்கியது. 3, 6 பிரிந்திருந்தாலும், அதோடு பின்னிக் கிடக்கும் மற்ற இரண்டு கம்பிகளில் சிக்னலே இல்லை. கசிவதற்கு ஆள் இல்லாத வீட்டில் கசிவு இல்லை. வெளி இரைச்சலைக் கழிக்கும் திறன் குறைந்திருக்கும், சில பொட்டலங்கள் கெட்டிருக்கும், தரவு சரியாகச் சேர்ந்ததா என்று கவனிக்கும் டிசிபி அவற்றைச் சத்தமில்லாமல் மறுபடி அனுப்பிச் சமாளித்திருக்கும். டெஸ்க்டாப்பில் நெட்ஸ்டாட் பார்த்தபோது பெற்றவற்றில் பிழைகள் பூஜ்யம் இல்லை. யாரும் பார்க்காததால் யாருக்கும் தெரியவில்லை.

1999ல் வந்த கிகாபிட் தரமோ நான்கு ஜோடிகளையும் கேட்கும். ஒவ்வொரு ஜோடியிலும் 250 எம்பிபிஎஸ், நொடிக்கு 12.5 கோடிக் குறியீடுகள், ஐந்து மின்னழுத்த நிலைகள். அதுவும் ஒரே ஜோடியில் ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும். தான் அனுப்புவதன் எதிரொலியைக் கழித்துவிட்டு எதிரில் வருவதைக் கேட்கும் அளவுக்கு நுட்பமானது. பச்சைக்குள் நீலமும் நீலத்துக்குள் பச்சையும் வழிந்துகொண்டிருந்தால் அதனால் என்ன செய்ய முடியும்?

அப்படியானால் முடியாது என்று தெரிந்ததும் தானாகவே 100க்கு இறங்க வேண்டியதுதானே? வேகத்தைப் பேசி முடிக்கும் அந்தத் துடிப்புகள் மெதுவானவை. 16 மில்லிநொடிக்கு ஒருமுறை ஒரு சிறு கொத்து. அவை 1, 2லும் 3, 6லும் போகின்றன. பிரிந்த ஜோடியிலும் அவை சிதையாமல் போய்ச் சேரும். இரண்டு முனையும் “எனக்கு 1000 தெரியும்” என்கின்றன, 1000 என்று ஒப்புக்கொள்கின்றன. நடுவில் இருக்கும் கம்பிக்கு அது முடியுமா என்று அந்தப் பேச்சில் யாரும் கேட்பதில்லை. ஒப்புக்கொண்ட பிறகு 1000ல் ஒன்றையொன்று கேட்டுப் பழகும் கட்டம் வரும்; அங்கே தோற்கின்றன, அல்லது நூலிழையில் தேறிச் சில நொடிகளில் விழுகின்றன. மறுபடி முதலிலிருந்து பேச்சு, மறுபடி 1000. சில லேன் சில்லுகள் சில முறை தோற்றதும் தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும். இந்த லேப்டாப்பும் இந்த ஸ்விட்சும் சேர்ந்தபோது அது நடக்கவில்லை. நடந்திருந்தால் இந்தக் கேபிள் இன்னும் பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் 100ல் ஓடிக்கொண்டிருக்கும்.

சரிசெய்தது

வேலை சிறியது. புதுக் கேபிள் இழுக்க வேண்டுமா என்று பார்க்க ஒரு கம்பியின் முனையைக் கத்தியால் சுரண்டினேன். உள்ளேயும் செம்புதான். சந்தையில் மலிவாகக் கிடைக்கும், செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியாக இருந்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதை வைத்துக்கொண்டு முனையை மட்டும் மாற்றி நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

இரண்டு முனையிலும் பிளக்கை வெட்டி எறிந்து, டி568பி வரிசையில் மறுபடி கிரிம்ப் செய்தோம், அதாவது புதிய பிளக்கைக் கருவியால் அழுத்திப் பொருத்தினோம். ஒரு முனையை மட்டும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போய்விடக் கூடாது. அப்போது இரண்டு முனையும் இரண்டு வரிசையாகி, 100கூட வராது. பழைய பிளக்குகளில் இன்னொரு குறையும் இருந்தது. கம்பிகளின் முறுக்கை ஓர் அங்குலத்துக்கும் மேல் பிரித்துப் போட்டிருந்தார்கள், மேல்தோல் பிளக்குக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. கேட்5இ ரக லேன் கேபிளில் முறுக்குப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது; தோல் பிளக்குக்குள் நுழைந்து, கிரிம்ப் செய்யும்போது அதன் பிடியில் அகப்பட வேண்டும். இல்லாவிட்டால் கேபிளை இழுக்கும்போதெல்லாம் அந்த இழுப்பு எட்டு மெல்லிய கம்பிகளின் மேல்தான் விழும்.

லேப்டாப்பைச் செருகினோம். 1000/1000. கீழே பேட்ச் கேபிளில் வந்த அதே நகலெடுக்கும் வேகம் மாடியிலும் வந்தது. நகல் ஓடும்போதே பிங்கை 1472 பைட் அளவில், துண்டாக்காதே என்ற விருப்பத்தோடு தொடர்ந்து ஓடவிட்டேன்; பொட்டலத்தின் முன்னால் ஒட்டும் தலைப்புத் தகவல்களையும் சேர்த்தால் சரியாக 1500 பைட், ஈதர்நெட் பொட்டலம் சுமக்கும் முழுச் சுமை. வெறும் 32 பைட் பிங் எதையும் நிரூபிக்காது. ஒன்றும் தவறவில்லை. நிகழ்வுப் பதிவேட்டில் புதிதாக 27 எதுவும் விழவில்லை. அணைத்துவைத்திருந்த மின்சேமிப்பு அமைப்புகளைப் பழையபடி இயக்கிவிட்டேன், அவற்றால் ஒரு தொல்லையும் இல்லை.

டெஸ்க்டாப்பின் கேபிளையும் கையோடு மாற்றினோம். அது இன்னும் 100ல்தான் ஓடுகிறது, வேறு வழியில்லை. ஆனால் பெற்றவற்றில் பிழைகள் என்ற எண் அதன் பிறகு நகரவில்லை.

மதர்போர்டு மதிப்பீட்டை ஆலோசகர் ரத்துசெய்துவிட்டார். பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அவருடைய யூஎஸ்பி அடாப்டர் 100 என்பதை நானே சொன்னேன். சற்று மௌனத்துக்குப் பிறகு, இந்தக் கேபிள்களைப் போட்ட அதே ஆள் கிரிம்ப் செய்த இன்னும் இரண்டு கடைகள் இருக்கின்றன என்றார். கீழ்த்தளத்தில் பிரிண்டருக்கும் பணம் வாங்கும் மேசைக்கும் போகும் கேபிள்களும் அந்தப் பழைய வரிசையில்தான் இருக்கின்றன. இரண்டும் 100ல் ஓடும் சாதனங்கள் என்பதால் அவசரமில்லை; 20ஆம் தேதி தாக்கல் முடிந்த பிறகு மாற்றலாம் என்று குறித்துவைத்திருக்கிறோம்.